கலப்பின முயல் குட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? எடை, வயது, வளர்ச்சி: ஒரு முழுமையான வழிகாட்டி

கடுகு எங்கள் வீட்டுக்கு வந்த நாளில் என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கினான். "இரண்டு மாதக் குட்டி சார், குட்டை ஜாதி, இதற்கு மேல் வளராது" என்றார் கடைக்காரர். அந்தப் பேச்சை நம்பித்தான் அப்படியொரு பெயர் வைத்தோம். இன்று அவன் எடை 2 கிலோ 700 கிராம். பெயரை மாற்றலாம் என்றால் பிள்ளைகள் சம்மதிப்பதில்லை.

முயல் வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இந்த வயதுக்கு இது சரியான அளவா?" தூய இனம் என்றால் அட்டவணையைப் பார்த்துச் சொல்லிவிடலாம். தாய் எது, தகப்பன் எது என்று தெரியாத கலப்பினக் குட்டிக்கு ஒற்றை எண்ணைச் சொல்ல யாராலும் முடியாது. ஆனாலும் ஒரு சமையலறைத் தராசும், பழைய நோட்டுப் புத்தகமும், பத்து வாரப் பொறுமையும் இருந்தால் உங்கள் முயலுக்கு உரிய விடையை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

படி 1: கடைக்காரர் சொன்ன வயதை மறந்துவிடுங்கள்

எடையைப் பற்றிய குழப்பங்களில் பாதி, வயதைத் தப்பாக நினைப்பதால் வருகிறது. தாயிடமிருந்து நான்கு வாரத்திலேயே பிரித்த குட்டியை "இரண்டு மாதம்" என்று விற்பது வழக்கமாகவே இருக்கிறது. நான்கு வாரக் குட்டியை எட்டு வார எடையோடு ஒப்பிட்டால், நன்றாக இருக்கும் பிள்ளையைச் சவலைப்பிள்ளை என்று எண்ணிக் கலங்குவீர்கள். நானும் கலங்கினேன். கடுகைப் பார்த்த கால்நடை மருத்துவர் ஐந்து வாரம்தான் இருக்கும் என்று சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

வயதைக் கணிக்கச் சில அடையாளங்கள் உண்டு. முயல் பிறக்கும்போது உடலில் மயிர் இருக்காது, கண்கள் மூடியிருக்கும். 10 முதல் 12 நாளில் கண் திறக்கும். மூன்றாவது வாரத்தில் கூட்டை விட்டு வெளியே வந்து புல்லைக் கொறிக்கத் தொடங்கும். நான்கைந்து வாரத்தில் தலை உடலுக்குப் பெரிதாகவும், நெற்றி உருண்டையாகவும், மயிர் பஞ்சு போலவும் இருக்கும். எட்டு வாரம் நெருங்கும்போது முகம் சற்று நீண்டுவிடும். காதுகள் உடலை முந்திக்கொண்டு வளர்ந்திருக்கும், பார்க்கவே கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். ஆண் குட்டிக்கு 10 முதல் 12 வாரத்தில் விதைகள் வெளியே தெரியும். நான்கைந்து மாதத்தில் பிஞ்சு மயிர் உதிர்ந்து வழவழப்பான மயிர் வரும். ஆறு மாதம் தாண்டிவிட்டால் பார்த்த மாத்திரத்தில் வயதைச் சொல்வது கடினம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வயல்வெளியில் கிடந்தது என்று யாராவது, உடல் முழுக்க மயிரும் திறந்த கண்ணுமாக ஒரு பழுப்புக் குட்டியைக் கொண்டுவந்தால், அது பெரும்பாலும் காட்டு முயல். காட்டு முயல் குட்டி பிறக்கும்போதே கண் திறந்திருக்கும். தாய் அதைத் தனியே விட்டுவிட்டு இருட்டும் நேரத்தில் வந்து பாலூட்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்க்கக் கூடாது. எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

படி 2: உடம்பில் எந்த ரத்தம் ஓடுகிறது என்று ஊகியுங்கள்

தமிழ்நாட்டில் செல்லப்பிராணிக் கடைக்கு வரும் முயல்களில் பல, இறைச்சிக்காக வளர்க்கப்படும் பண்ணை முயல்களின் வழி வந்தவை. நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயன்ட், சாம்பல் ஜெயன்ட் ஆகிய பெயர்களை முயல் பண்ணைக்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் இருக்கும் மத்திய ஆராய்ச்சி மையத்தில் ஆடுகளோடு வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா முயல்களையும் வளர்க்கிறார்கள். குளிர்ந்த இடத்தில் நல்ல தீவனத்தோடு வளரும் நியூசிலாந்து வெள்ளை முயல் 4 முதல் 5 கிலோ வரை வரும். சமவெளியின் வெயிலில் அதே இனம் 3, 3½ கிலோவில் நின்றுவிடுவது சாதாரணம். எனவே பண்ணை முயல்களின் வழி வந்த குட்டியை வாங்கியிருந்தால், அது வளர்ந்து இரண்டரை முதல் மூன்றரை கிலோ வரும் என்று எதிர்பார்த்துக் கூண்டு வாங்குங்கள்.

அண்மைக் காலத்தில் நகரத்துக் கடைகளில் கழுத்தைச் சுற்றிப் பிடரி மயிர் உள்ளவை, காது தொங்குபவை, முன்பாதி வெள்ளையும் பின்பாதி கறுப்புமான டச்சு வகை என்று வேறு ரத்தமும் கலந்துவிட்டது. தூய டச்சு முயல் ஏறத்தாழ 1.6 முதல் 2.5 கிலோ. பிடரி மயிர் முயல் ஒன்றரை கிலோ அளவு. நெதர்லாந்துக் குள்ள முயல் ஒரு கிலோவைச் சற்றே தாண்டும். இவற்றோடு பண்ணை முயல் கலந்தால் குட்டிகள் இடைப்பட்ட அளவில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம்.

நிறத்தைப் பார்த்து அளவைச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். டச்சுப் பட்டை மூன்றரை கிலோ முயலுக்கும் வரும், ஒன்றரை கிலோ முயலுக்கும் வரும். நிறத்துக்கான மரபணு வேறு, உடலளவுக்கானது வேறு.

குள்ள முயலின் சங்கதி சுவையானது. குள்ளத்தன்மைக்குக் காரணமான மரபணு தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் குட்டி சிறியதாக, உருண்டைத் தலையும் குட்டைக் காதுமாக வளரும். இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் அந்தக் குட்டி பிறந்த சில நாட்களில் இறந்துவிடும். யாரிடமிருந்தும் வராவிட்டால் அது குள்ள முயலின் வயிற்றில் பிறந்த சாதாரண முயல். ஆகவே ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளில் ஒன்று ஒன்றேகால் கிலோவிலும் மற்றது இரண்டு கிலோவிலும் நிற்பது இயற்கை. "அண்ணன் பெரிதாக இருக்கிறான், தம்பி ஏன் சின்னவன்" என்று பதற வேண்டாம்.

இனம் தெரியாதபோது நான் பார்ப்பது காதையும் பின்னங்கால் பாதத்தையும். எட்டு வாரத்தில் காது உடலுக்குப் பொருந்தாமல் நீண்டு, பின்பாதம் படகு போல இருந்தால் அந்த முயல் இன்னும் நிறைய வளரப் போகிறது. அந்த வயதிலும் காது விரல் நீளம்கூட இல்லாமல் முகம் தட்டையாக உருண்டிருந்தால் குள்ள ரத்தம் இருக்கலாம். தாயைப் பார்க்க வாய்ப்பிருந்தால் அதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

படி 3: எடை போடும் முறை

5 கிலோ வரை காட்டும் மின்னணுச் சமையலறைத் தராசு போதும். அதன் மேல் காய்கறிக் கூடையை வைத்து, கூடைக்குள் ஒரு துணியை விரித்து, எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு முயலை இறக்குங்கள். துணியையும் சேர்த்துப் பூஜ்யமாக்க மறந்தால் ஐம்பது கிராம் கள்ளக் கணக்கு ஏறிவிடும். வழுக்கும் பாத்திரத்தில் முயல் பயந்து துள்ளும். துள்ளிக் கீழே விழுந்தால் முதுகெலும்பே முறியக்கூடும் என்பதால், தராசைத் தரையில் வைத்துத்தான் எடை போட வேண்டும். காதைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஒரு கை மார்புக்கு அடியில், மறு கை பின்பாகத்தைத் தாங்கி இருக்கட்டும்.

வாரம் ஒரே நாள், ஒரே நேரம், காலைத் தீவனத்துக்கு முன் எடை போடுங்கள். இரவு முழுக்கத் தின்ற முயலின் வயிறும் பெருங்குடல் பையும் நிறைந்திருக்கும், காலைக்கும் மாலைக்கும் எடை வேறுபடும். அதனால் அன்றாடம் எடை போட்டுக் கவலைப்படுவதில் பயனில்லை. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டி, நோயாளி முயல் இரண்டுக்கு மட்டும் தினசரி எடை தேவை.

படி 4: எண்களோடு ஒப்பிடுங்கள்

கீழே இருப்பது சமவெளியில் வளரும் நடுத்தரக் கலப்பின முயலுக்கான, அதாவது வளர்ந்து இரண்டரை முதல் மூன்றரை கிலோ வரக்கூடிய முயலுக்கான தோராயக் கணக்கு.

பிறந்தவுடன்: 40 முதல் 60 கிராம்
ஒரு வாரம்: பிறந்த எடையின் இரு மடங்கு
3 வாரம்: 200 முதல் 350 கிராம்
4 வாரம்: 350 முதல் 550 கிராம்
6 வாரம்: 600 முதல் 900 கிராம்
8 வாரம்: 900 கிராம் முதல் 1.3 கிலோ
12 வாரம்: 1.4 முதல் 2 கிலோ
4 மாதம்: 1.8 முதல் 2.5 கிலோ
6 மாதம்: 2.3 முதல் 3.2 கிலோ

குள்ள ரத்தம் உள்ள குட்டி எட்டு வாரத்தில் 400 முதல் 700 கிராம் இருந்தாலே போதும். எல்லைக்கு ஐம்பது நூறு கிராம் வெளியே நிற்பதற்காக எந்த முயலையும் நோயாளி ஆக்கிவிடாதீர்கள். கடுகு 12 வாரத்தில் 1.3 கிலோதான், பட்டியலின் அடிக்கோட்டையே தொடவில்லை. ஆனால் வாரந்தோறும் தவறாமல் ஏறிக்கொண்டிருந்தான். நோட்டுப் புத்தகத்தில் நான் முதலில் பார்ப்பது அந்த ஏற்றத்தைத்தான். எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் நடுத்தர முயல் நாளொன்றுக்குச் சராசரியாக 15 முதல் 25 கிராம் ஏற வேண்டும். வாரக் கணக்கில் நூறு கிராமுக்கு மேல் ஏறினால் நிம்மதியாகத் தூங்கலாம்.

படி 5: வளர்ந்தால் எவ்வளவு வரும் என்று கணக்கிடுங்கள்

நடுத்தர முயல் 8 வாரத்தில் தன் முழு எடையில் மூன்றில் ஒரு பங்கை எட்டியிருக்கும். 12 வாரத்தில் ஏறத்தாழப் பாதி. நான்கு மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கு. எனவே 12 வார எடையை இரண்டால் பெருக்குங்கள். கடுகுக்கு 1.3 பெருக்கல் 2, அதாவது 2.6 கிலோ. நின்றது 2.7 கிலோவில். நான்கு மாதத்தில் 1.75 கிலோ இருந்தான், அந்தக் கணக்கும் ஒத்துவந்தது.

சிறிய வகை முயல் சீக்கிரம் முதிர்ந்துவிடும், ஆறு மாதத்துக்குள் வளர்ச்சி முடிந்துவிடும். அதற்கு இரண்டால் பெருக்கினால் விடை மிகையாகவே வரும். பெரிய ஜெயன்ட் ரத்தம் இருந்தால் ஒரு வருடமும் அதற்கு மேலும் வளரும், அதற்கு இந்தக் கணக்குப் போதாது. பெண் முயல் பொதுவாக ஆணைவிடச் சற்றுக் கனமாக இருக்கும். முதிர்ந்த பெண்ணுக்குத் தாடைக்குக் கீழே மடிப்பு ஒன்று தொங்கும். அதைப் பார்த்துக் கட்டி என்று பயந்து மருத்துவரிடம் ஓடுகிறவர்கள் உண்டு.

படி 6: விரலால் தடவிப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். முயலின் வயிறு பொய் சொல்லும், முதுகெலும்பு பொய் சொல்லாது. மயிரடர்ந்த முயல் எலும்பும் தோலுமாக இருந்தாலும் பார்க்கப் பந்து போலத்தான் தெரியும்.

முயலைத் தரையில் இயல்பாக உட்காரவைத்து, கழுத்திலிருந்து வால் வரை முதுகை மெல்லத் தடவுங்கள். எலும்பு முடிச்சுகள் சட்டைக்குள் இருக்கும் பாசிமணி போல உருண்டையாகத் தட்டுப்பட வேண்டும். ரம்பப் பல் போலக் குத்தினால் மெலிவு. எலும்பே தட்டுப்படாமல் மெத்தென்று இருந்தால் கொழுப்பு. விலா எலும்பை லேசாக அழுத்தினால் எண்ணக்கூடிய அளவில் உணரலாம், அழுத்தாமலே தெரியக் கூடாது. இடுப்பெலும்பின் இரு முனைகளும் சதையால் மூடியிருக்க வேண்டும்.

முதுகு கூர்மையாகவும் வயிறு மட்டும் பானை போலவும் இருக்கும் குட்டியைப் பார்த்தால், "நன்றாகத் தின்றிருக்கிறான்" என்று மகிழாதீர்கள். அது அடுத்த படிக்குரிய விஷயம்.

படி 7: எடை நின்றுவிட்டால் அல்லது இறங்கினால்

ஒன்பதாவது வாரம் கடுகின் எடை அறுபது கிராம் இறங்கியது. வயிறு உருண்டையாகத்தான் இருந்தது, துள்ளலும் குறையவில்லை. நோட்டுப் புத்தகம் இல்லாவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. இரண்டு நாளில் புழுக்கை இளகியது. சாணத்தைச் சோதித்த மருத்துவர் காக்சிடியோசிஸ் என்றார். தாயிடமிருந்து பிரித்த குட்டிகளைத் தாக்கும் குடல் ஒட்டுண்ணி நோய் இது. வளர்ச்சி நின்றுபோக இதுவும் முக்கியமான காரணம். ஈரமான தரை, புழுக்கை கலந்த தீவனம், கடையில் பல ஈற்றுக் குட்டிகளை ஒரே கூண்டில் அடைத்தல் ஆகியவை இதைப் பரப்பும். மருத்துவர் கொடுத்த மருந்தில் குணமானான், அடுத்த வாரமே இழந்த எடை திரும்பியது. தீவனத்தைத் தரையில் போடாமல் கூண்டின் பக்கவாட்டில் கட்டித் தொங்கவிடும் பழக்கம் அன்று தொடங்கியது.

வீட்டில் இருக்கும் மனித மருந்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அமாக்சிசிலின் போன்ற ஆண்டிபயாடிக் மருந்துகளை வாய்வழி கொடுத்தால் முயலின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து முயலே இறந்துபோகும்.

வேறு காரணங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். பற்கள்: முயலின் மேல்வரிசை முன்பல் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வளரும். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சரியாகப் பொருந்தாவிட்டால் தேயாமல் நீண்டு, தின்ன முடியாமல் செய்யும். தட்டை முகக் குட்டிகளுக்கு இது அதிகம். உதட்டை விலக்கி வாரம் ஒருமுறை பாருங்கள். காது: உட்புறம் பொருக்குத் தட்டித் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தால் சொறிப்பூச்சி.

வெயிலைத் தனியாகச் சொல்ல வேண்டும். முயலுக்கு வியர்க்காது, காதின் ரத்தக் குழாய்கள் வழியாகத்தான் பெரும்பாலும் சூட்டை வெளியேற்றும். 30 பாகை செல்சியஸ் தாண்டினால் தீவனம் குறையும், 35ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. எங்கள் மதுரையில் அக்னி நட்சத்திர நாட்களில் குட்டியின் எடை ஒரு வாரம் அசையாமல் நின்றால் நான் முதலில் மின்விசிறியைத்தான் பார்ப்பேன். ஈரச் சாக்கு, மண்பானை ஓடு, துணி சுற்றிய பனிக்கட்டிப் பாட்டில் எல்லாம் உதவும். தீவனத்தின் பெரும்பகுதியை அந்தி சாய்ந்தபின் வையுங்கள்.

எடை இறங்கிய முயல் தின்பதை நிறுத்தி, புழுக்கையும் போடாமல் 12 மணி நேரம் கடந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. குடல் ஓட்டம் நின்றுபோன முயல் ஒரே நாளில் இறந்துவிடலாம்.

படி 8: வளரும் வயதுக்கான தீவனம்

பிரித்த குட்டிக்குப் பசும்பால் வேண்டாம், தண்ணீரும் புல்லும்தான் வேண்டும். எந்நேரமும் காய்ந்த புல் முன்னால் இருக்கட்டும். வைக்கோல் கொறிக்க உதவும், ஆனால் அதில் சத்துக் குறைவு, அதை மட்டும் நம்பி வளர்க்க முடியாது. ஆறு மாதம் வரை குதிரைமசால், வேலிமசால் போன்ற புரதமுள்ள தழைகள் நல்லவை. அருகம்புல், கல்யாண முருங்கை இலை, அகத்தி, கோ-4 கம்பு நேப்பியர் தீவனப்புல் எல்லாம் நம் ஊர் முயல்கள் விரும்பித் தின்பவை. சூபாபுல்லில் மயிரை உதிர்க்கும் நச்சுப்பொருள் உண்டு, தவிர்ப்பது நல்லது. புதிய தழை எதையும் ஒரே நாளில் கொட்டாமல் ஒரு கைப்பிடியில் தொடங்கி ஒரு வாரத்தில் கூட்டுங்கள்.

கேரட் முயலின் உணவு என்பது படம் பார்த்து வந்த நம்பிக்கை. அதில் சர்க்கரை அதிகம், கட்டைவிரல் அளவுத் துண்டு போதும். குச்சித் தீவனத்தை (பெல்லட்) குட்டிப் பருவத்தில் தாராளமாகக் கொடுக்கலாம். வளர்ச்சி முடிந்தபின் கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராம் என்று அளந்துவிடுங்கள்.

விடிகாலையில் முயல் தன் ஆசனவாயில் வாய் வைத்து எதையோ தின்பதைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். திராட்சைக் கொத்து போன்ற அந்த மென்மையான புழுக்கையில்தான் குடல் நுண்ணுயிர்கள் ஆக்கிய புரதமும் வைட்டமினும் இருக்கின்றன. தடுத்தால் எடை குறையும்.

படி 9: வளர்ச்சி நின்றபிறகு

தொடர்ந்து ஆறு வாரம் எடை ஒரே இடத்தில் நின்று, முதுகும் சரியாக இருந்தால் அதுதான் உங்கள் முயலின் உரிய அளவு. நோட்டில் அதை வட்டமிட்டு வையுங்கள். இனி மாதம் ஒருமுறை எடை போட்டால் போதும். அந்த எடையில் பத்தில் ஒரு பங்கு ஏறினாலும் இறங்கினாலும் காரணம் தேடுங்கள். பெண் முயலின் எடை திடீரென்று கூடினால், அதே கூண்டில் இருக்கும் "தங்கை" உண்மையில் தம்பியா என்று முதலில் பாருங்கள். மூன்றரை மாதத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகும் முயல்கள் உண்டு. சினைக்காலமோ ஒரே மாதம்தான். உடன்பிறந்தவை என்பதெல்லாம் அவற்றுக்குப் பொருட்டே இல்லை.

கூண்டு வாங்காதவர்கள் 12 வார எடைக் கணக்கு வரும்வரை அட்டைப் பெட்டியும் கம்பி வேலியுமாகச் சமாளித்துக்கொள்ளுங்கள். வளர்ந்த முயல் நீட்டிப் படுக்கவும், பின்னங்காலில் காது முட்டாமல் நிமிர்ந்து நிற்கவும், மூன்று தாவல் தாவவும் இடம் வேண்டும். "குட்டை ஜாதி"க்கென்று நான் வாங்கிய அழகான சின்னக் கூண்டு மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. அதில் இப்போது வெங்காயம் போட்டு வைத்திருக்கிறோம்.